அளவுக்குள்ளதான்

திரையில இந்தக் கோடு எங்க போகுதுன்னு கேட்டீங்கல்ல மேடம், அதுக்குத்தான் வர்றேன். ஒரு நிமிசம். நீங்க எதுக்கு மெட்ராசுல இருந்து இவ்வளவு தூரம் வந்தீங்களோ அதை மொதல்ல சொல்லிடறேன். தண்ணி மிச்சம் புடிச்சதுக்கு எங்களுக்கு விருது குடுக்கறவங்க பத்திரிகைக்கு எழுதறீங்க, விசயம் சரியாப் போகணும். அந்தச் சேர் ஆடும். இதுல உக்காருங்க.

என் பேரு சென்னியப்பன். உங்ககிட்ட குடுத்த தாள்ல கே. சென்னியப்பன்னு போட்டிருக்கும். இந்தக் காயித மில்லுல கூழ் வெளுக்கிற பிரிவு என் பொறுப்பு. கரும்புச் சக்கையும் சவுக்குக் கட்டையும் வேக வெச்சா வர்ற கூழ் செங்கல் பொடியக் கரைச்ச மாதிரி இருக்குமுங்க. அதை வெச்சு சிமெண்டுப் பைதான் பண்ணலாம். உங்க பத்திரிகை மாதிரி வெள்ளையா வேணும்னா வெளுக்கணும். மருந்து போடறது, அலசறது. வேற மருந்து போடறது, மறுபடி அலசறது. மருந்துகூட எங்கியாவது கெடைச்சிரும். அலசறதுக்குத் தண்ணி? ஆத்தைப் பாத்தீங்கல்ல வரும்போது? பாலத்து மேல வந்தீங்களே, அதுதான் ஆறு. கார்க்காரர் சொல்லியிருந்தாத்தான் தெரிஞ்சிருக்கும்.

ரெண்டு கோடையா மில்லு நின்னு போச்சுங்க. எங்களுக்கென்ன, மாசச் சம்பளம். கான்ட்ராக்ட்டுல கட்டை எறக்கற சனம் காலையில வந்து கேட்டுக்கு வெளிய உக்காந்துக்கும். இன்னைக்குக் கூப்பிடுவாங்களான்னு பாத்துட்டுப் பொழுதோட திரும்பிப் போகும். அதைப் பாத்துட்டுத்தான் நான் இந்த வேலையில எறங்கினேன். இதை எழுதிக்குங்க. நல்லதுக்குத்தான் எறங்கினேன்.

நான் செஞ்சது பெரிய மாயமெல்லாம் இல்லீங்க. வீட்டுல துணி தொவைக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? கடைசியா அலசின தண்ணி கிட்டத்தட்ட சுத்தமா இருக்கும், அதைக் கீழ ஊத்த மாட்டாங்க. அடுத்த அழுக்குத் துணிய ஊற வைக்க எடுத்துக்குவாங்க. அதேதான். கடைசித் தொட்டியில அலசின தண்ணி அதுக்கு முந்தின தொட்டிக்கு. அங்க அலசினது அதுக்கும் முந்தினதுக்கு. தண்ணியோட சேந்து அதுல மிச்சம் கெடக்கிற காஸ்டிக் மருந்தும் திரும்ப வேலைக்கு ஆகும்.

வாயில சொல்லிடலாம். ஓடிக்கிட்டிருக்கிற மில்லுல ஒரு குழாயை மாத்திப் போட்டு, அது கெட்டுப் போச்சுன்னா? அதனால கம்ப்யூட்டருக்குள்ள ஒரு மில்லைக் கட்டணும், மாடல்னு சொல்லுவோம். இதோ, ஒவ்வொரு கட்டமும் ஒரு தொட்டி, ஒவ்வொரு கோடும் ஒரு குழாய். எதுல எவ்வளவு தண்ணி, எவ்வளவு மருந்து, எவ்வளவு உப்பு, எவ்வளவு சுண்ணாம்பு. எல்லாம் நானும் லேப் பசங்களும் பாட்டில் பாட்டிலாப் பிடிச்சு அளந்தது. இதுல கஷ்டம் எங்கன்னா, தண்ணி சுத்தி வருதில்லீங்களா, கணக்கும் சுத்தி வரும். இந்தத் தொட்டியில எவ்வளவு உப்புன்னு தெரியணும்னா அந்தத் தொட்டி தெரியணும். அந்தத் தொட்டி தெரியணும்னா இது தெரியணும். அதனால குத்துமதிப்பா ஒரு எண்ணைப் போட்டு ஓட விடுவோம். ஒரு சுத்து சுத்தி வந்து, போட்ட எண்ணே திரும்ப வந்துதுன்னா கணக்கு சேந்துச்சு. வரலைன்னா மாத்திப் போட்டு மறுபடி. வாரக்கணக்கா அது சேரலீங்க. சேந்த அன்னைக்கு இந்த ரூம்ல ஆளே இல்ல. நானே எந்திரிச்சு நின்னு எனக்கே கை தட்டிக்கிட்டேன்.

இப்ப ஆத்துல நாங்க எடுக்கிறது முன்ன எடுத்ததுல மூணுல ஒரு பங்கு. போன கோடையில ஒரு நாள் கூட மில்லு நிக்கல. என் மாடல்ல ஒரு தப்பு கெடையாது. யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்லுங்க.

சரி, கோடு. மருந்துல இருந்து உப்பு வந்துக்கிட்டே இருக்குமுங்க. தண்ணிய உள்ளயே சுத்த விட்டா அந்த உப்புக்குப் போக எடமில்ல. சேந்துக்கிட்டே போகும். சேந்தா இரும்பை அரிக்கும், குழாய்க்குள்ள சுண்ணாம்பு காரையாப் பிடிக்கும். அதனால ஒரு எடத்துல கொஞ்சம் தண்ணிய வெளிய விட்டே ஆகணும். எந்த எடத்துல, எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிறதுலதான் இந்த வேலையோட சூட்சுமமே இருக்குது. தண்ணி கொஞ்சமாப் போகணும், உப்பு நெறையப் போகணும். நான் புடிச்ச எடம் கச்சிதமான எடம். அங்கிருந்து கெளம்பறதுதான் இந்தக் கோடு. பாத்தீங்களா, திரை ஓரத்துல ஒரு அம்புக்குறியோட நின்னுருது. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. எங்கியாவது ஒரு எடத்துல கணக்கை நிறுத்தித்தானே ஆகணும்?

திரைக்கு வெளிய அது வாய்க்காலுங்க. மில்லுத் தண்ணிய சுத்தம் பண்ணி, குட்டையில தேக்கி, அந்த வாய்க்கால்ல விடுவோம். மில்லு வந்த காலத்துல இருந்தே அந்தத் தண்ணியிலதான் பக்கத்து ஊரு ஊஞ்சக்காட்டுச் சனம் பொழைக்குது. ஆத்தை விட மில்லு வாய்க்கால் நம்பிக்கையான வாய்க்கால், வருசம் பூரா வரும். அதுல எல்லாருக்கும் தீவனப் புல்லு. புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டு, பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊத்தறது. பெரும்பாலும் பொம்பளைங்கதான் பாக்கறாங்க.

எங்க அக்கா அங்கதான் வாக்கப்பட்டிருக்கு.

மாரக்காள்னு பேரு. எங்கம்மா தவறினப்ப எனக்கு நெனைவு தெரியாத வயசு. அக்காதான் வளத்துச்சு. கல்யாணமாகிப் போகும்போது என்னையும் கூட்டிட்டே போயிருச்சு. மச்சான் ஒரு வார்த்தை சொல்லலீங்க, நல்ல மனுசன். இப்ப அவர் இல்ல. பையன் திருப்பூர்ல. அக்கா ஒண்டியா மாடு வெச்சிருந்துச்சு. ஊஞ்சக்காட்டு மகளிர் குழுவுக்கு அதுதான் தலைவி. பள்ளிக்கூடம் போனதில்ல. ஆனா ஒண்ணு சொன்னா சனம் கேக்கும். தம்பி மில்லுல எஞ்சினியர்ங்கறதும் ஒரு காரணம்னு வெச்சுக்குங்களேன்.

மாடல் படி குழாயெல்லாம் மாத்தி ஓட விட்டதும் வாய்க்கால்ல தண்ணி கொறைஞ்சு போச்சு. கொறையத்தானே செய்யும்? யாரும் சண்டைக்கு வரல. அக்காவே எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, இன்னைக்கு உனக்கு நாளைக்கு எனக்குன்னு மொறை பிரிச்சுக் குடுத்துருச்சு. "ஆத்துல தண்ணி இல்ல, மில்லு என்ன பண்ணும், இருக்கறதைப் பங்கு போட்டுக்கலாம்"னு சொல்லியிருக்குது. எனக்குப் பெருமையா இருந்துச்சு. எங்க பெரிய மேனேஜர் ஜி.எம். கிட்டக்கூடச் சொன்னேன், எங்க அக்கா சமாளிச்சிருச்சுங்க சார்னு.

தை மாசம் கழிஞ்சு ஒரு நாள் அக்கா எங்க மில்லு குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்துச்சு. பையில கூல்டிரிங்க்ஸ் பாட்டில், அதுல தண்ணி. என் சம்சாரம் காப்பி வெக்கப் போனா. அதுக்குள்ள அக்கா பாட்டிலைத் தொறந்துருச்சு.

"சென்னி, இதைக் கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாரு சாமி. கரிக்குது."

"அதையெல்லாம் நாக்குல வெக்கக் கூடாதுக்கா. குடு, லேப்ல பாக்கறேன்."

"நான் வெச்சுப் பாத்துட்டுத்தான் வர்றேன். போன வருசம் இப்படி இல்ல. புல்லு நுனி சுருளுது."

நான் வாங்கிட்டுப் போய் பரிசோதனைக்குக் குடுத்தேன். குடுக்காம இருக்கலீங்க. வெளிய விடற தண்ணியில எவ்வளவு உப்பு இருக்கலாம்னு ஒரு அளவு விதிச்சிருக்காங்க. அதுக்குக் கீழதான் இருந்துச்சு. ரொம்பக் கீழன்னு சொல்ல முடியாது, ஆனா கீழதான். அக்கா போன் பண்ணுச்சு. அளவுக்குள்ளதான் இருக்குதுக்கான்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. இதுல பொய் எங்க இருக்கு?

அந்தக் கோடை வந்துச்சு பாருங்க, பேருக்குக்கூட ஒரு மழை இல்ல. எனக்கு இப்ப தெரியுது, நெலமும் ஒரு தொட்டிதான். வாய்க்கால் தண்ணி உள்ள வரும், வெயில்ல தண்ணி மட்டும் மேல போயிரும், உப்பு அங்கியே நின்னுரும். மழை வந்தாத்தான் அது கழுவிட்டுப் போகும். மழை வரல. பாச்சப் பாச்ச சேந்துக்கிட்டே போச்சு. ஊஞ்சக்காட்டுக்குப் போனா மண்ணு மேல வெள்ளையாப் பூத்துக் கெடக்குது, யாரோ சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி. புல்லு நுனி கருகி, பாதி கருகி, கட்டையாப் போச்சு. மாடு அந்தப் புல்லை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. கறவை வத்திப் போச்சு. ஒவ்வொரு மாடா சந்தைக்குப் போக ஆரம்பிச்சுது.

இதுல ஒண்ணு சொல்லணும். பக்கத்துக் காட்டுக்காரம்மா செல்லாயின்னு, அக்காவுக்கு ரொம்ப வேண்டியவங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பால் ஊத்தப் போவாங்க, ஒருத்தர் வீட்டுல காய்ச்சல்னா இன்னொருத்தர் கறந்து ஊத்துவாங்க. அந்தம்மா மாசியிலயே சொல்லியிருக்காங்க, "மாரா, இந்தத் தண்ணி வேண்டாம், காடு காஞ்சாக் காயட்டும், மழை வந்தாப் பாத்துக்கலாம்"னு. இன்னும் சில பேரும் நிறுத்திக்கலாம்னு இருந்திருக்காங்க. அக்காதான், "என் தம்பி லேப்ல வெச்சுப் பாத்துச் சொல்லிட்டான், தைரியமாப் பாச்சுங்க"ன்னு சொல்லி மொறைத் தண்ணிய அவங்கவங்க காட்டுக்குத் திருப்பி விட்டிருக்குது. நிறுத்தியிருந்தா நெலம் தப்பிச்சிருக்கும். காஞ்ச நெலம் மழை வந்தா எந்திரிச்சுக்கும். உப்பேறின நெலம் அப்படி எந்திரிக்காதுங்க.

வைகாசியில சனம் மில்லு கேட்டுக்கு வந்துருச்சு. ஜி.எம். பத்மநாபன் சார், "இங்க வேண்டாம், நாங்களே அங்க வர்றோம்"னுட்டார். பால் சொசைட்டிக் கொட்டகையில கூட்டம். அவரு, நானு, ஆபீசுல இருந்து இன்னும் ஒருத்தர். எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தாங்க. பொம்பளைங்க எல்லாம் தரையில. அக்காவும் தரையில, ஓரமா, தூணுக்குப் பக்கத்துல.

ஜி.எம். நல்லாப் பேசுவார். மில்லு விதிமுறைப்படிதான் தண்ணி விட்டிருக்குது, எல்லாத்துக்கும் ரிப்போர்ட் இருக்குதுன்னு பொறுமையா எடுத்துச் சொன்னார். கடைசியா, "இதைப் பயிருக்குப் பாச்சலாம்னு கம்பெனி சார்பா உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"ன்னு கேட்டார்.

அப்புறம் செல்லாயம்மா எந்திரிச்சாங்க. என்னைப் பாத்துக் கேக்கலீங்க. அக்காவைப் பாத்துத்தான் கேட்டாங்க.

"சொல்லு மாரா. உன் தம்பி சொன்னான்னுதானே நீ சொன்னே? இப்ப இங்கதானே உக்காந்திருக்கான். கேட்டுச் சொல்லு."

ஜி.எம். மெதுவா என் பக்கம் திரும்பினார். நான் செல்போனைப் பாத்துக்கிட்டிருந்தேன். ஏதோ மெசேஜ் வந்திருந்துச்சு. இல்ல, வரல. சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்.

அக்கா எந்திரிச்சு நின்னுச்சு. சீலை முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டுச் சொல்லுச்சு. "அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். எனக்குத்தான் வெளங்கல. நான் என்ன படிச்சவளா? அவன் ஒண்ணு சொன்னான், நான் ஒண்ணு கேட்டுக்கிட்டேன். தப்பு என் பேர்லதான். அவனை ஒண்ணும் கேக்காதீங்க."

அவ்வளவுதான். கூட்டம் முடிஞ்சு போச்சு. மில்லு மேல இருந்த கோவமெல்லாம் அப்படியே அக்கா மேல எறங்கிருச்சு. ஜி.எம். கார்ல வரும்போது என் தோளைத் தட்டி, "உங்க அக்கா பெரிய மனுசிப்பா"ன்னார். நான் ஆமாங்க சார்னேன்.

என்ன கேட்டீங்க?

இல்ல, கேளுங்க, பரவால்ல. போன்ல நான் சரியா என்ன சொன்னேன்னு கேக்கறீங்க. சொன்னனே, அளவுக்குள்ளதான் இருக்குன்னு.

அதுக்கு மேல? அது வந்து... அக்கா கேட்டுச்சு. ஆமா, கேட்டுச்சு. "அளவுன்னா என்ன சாமி? எனக்கு அதெல்லாம் தெரியாது. நாங்க பாச்சலாமா வேண்டாமா, அதைச் சொல்லு. புல்லுக்கு, மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

நான் மீட்டிங்குல இருந்தேனுங்க. மூணுல ஒரு பங்குன்னு சொன்னனே, அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிக்கிட்டிருந்தோம், மேலிடத்துல இருந்து ஆளுங்க வந்திருந்தாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. "ஒண்ணும் ஆகாதுக்கா, பாச்சுங்க, மீட்டிங்குல இருக்கேன்"னு சொல்லி வெச்சிட்டேன்.

ஒண்ணும் ஆகாது, பாச்சுங்க. அக்கா தப்பா ஒண்ணும் கேட்டுக்கல.

இன்னொண்ணும் இருக்குது. கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். தண்ணி மூணுல ஒரு பங்கானா, அதே உப்பு அதுலதான போகணும்? அப்ப உப்பு மூணு மடங்கு. இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்ல. இதோ இந்தக் கோட்டு மேல மவுசை வெச்சீங்கன்னா எண்ணு வரும், பாருங்க. அக்கா பாட்டில் கொண்டு வர்றதுக்கு ஆறு மாசம் முந்தியே இந்த எண்ணு இங்க இருந்துச்சு. அந்தப் பாட்டில் எனக்குப் புதுசா ஒண்ணும் சொல்லல. விதிச்ச அளவைத் தாண்டாமப் பாத்துக்கிட்டதே நான்தான். தாண்டாம, அது மேல ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி. அது அப்ப எனக்குக் கெட்டிக்காரத்தனமாப் பட்டுச்சு அம்மிணி.

அம்மிணின்னு கூப்பிட்டுட்டேன், ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. எங்க பக்கத்துல பேச்சு அப்படித்தான்.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. எவ்வளவோ செஞ்சேன். அக்கா காட்டுல போர் போட்டுக் குடுத்தேன், அதுலயும் உப்புத் தண்ணிதான் வந்துச்சு, அது என் தலையெழுத்து. ரெண்டு லாரி வைக்கோல் எறக்கினேன். ஒண்ணு அக்காவுக்கு, ஒண்ணு செல்லாயம்மாவுக்கு. அந்தம்மா மாட்டுக் கட்டுத்தறிக்கு முன்னால டிரைவர் எறக்கிட்டு வந்துட்டான். அவங்க அதை ஒரு கை அள்ளல. அப்படியே ரோட்டோரம் கெடந்து, போற வர்ற மாடெல்லாம் இழுத்துத் தின்னுச்சு. அவங்க மாட்டை மட்டும் அதுக்குப் பக்கத்துலகூட விடல.

அக்காவைக் குழுத் தலைவியில இருந்து எடுத்துட்டாங்க. அதுகூடப் பரவால்ல. சொசைட்டியில பால் ஊத்த நிக்கும்போது, அக்கா வந்தா பேச்சு நின்னுருமாம். செல்லாயம்மா பேத்திக்குச் சீர் வெச்சாங்க, ஊரெல்லாம் சொன்னாங்க, அடுத்த வீட்டு அக்காவுக்குச் சொல்லல. அப்புறம் அக்கா மாட்டைக் குடுத்துருச்சு. எனக்குச் சொல்லவே இல்ல. சந்தைக்கு அதுவே ஓட்டிட்டுப் போயிருக்குது.

நான் இங்க உக்காந்து மாடலை மறுபடி எடுத்தேன். அந்த அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டம் போட்டேன். ஊஞ்சக்காட்டு நெலம். மண்ணு, புல்லு, வெயில், மழை எல்லாம் போட்டு ஓட விட்டேன். எத்தனை தண்ணி கூட விட்டா, எந்த மாசம் விட்டா நெலம் தேறும்னு வந்துருச்சு. ஆத்துல இருந்து கொஞ்சம் நல்ல தண்ணி எடுத்து வாய்க்கால்ல கலக்கணும். நம்ம மிச்சம் புடிச்சதுல கொஞ்சம் திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான். ஜி.எம். கிட்டக் காட்டினேன். நல்லா இருக்குதுன்னார். "விருது ஃபங்ஷன் முடியட்டும் சென்னியப்பன். மூணுல ஒரு பங்குன்னு எழுதிக் குடுத்திருக்கோம். இப்ப போய் எண்ணை மாத்த வேண்டாம்"னார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குது. இல்லீங்களா?

இருக்குதுன்னுதான் நானும் நெனைச்சேன்.

அந்தக் கணக்கை எடுத்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். நெலம் தேறிரும்னு சொன்னா சந்தோசப்படும்னு போனேன். சோறு போட்டுச்சு. கேன் தண்ணியில ஆக்கின சோறு, வீட்டுக் கெணறும் கரிக்குதாம். நான் சாப்பிடச் சாப்பிட எல்லாம் சொன்னேன், எந்த மாசம் என்ன ஆகும்னு. அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. முடிச்சதும் கேட்டுச்சு.

"அதெல்லாம் நீ செய்வே சாமி, எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணு பண்றியா? கை கழுவிட்டு வா. நாம ரெண்டு பேரும் வீடு வீடாப் போலாம். பாச்சுங்கன்னு நான்தான் சொன்னேன், எங்க அக்கா அவளாச் சொல்லலைன்னு ஒவ்வொரு வாசல்லயும் ஒரு வார்த்தை சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். மன்னிப்புக்கூடக் கேக்க வேண்டாம்."

"அக்கா, அது கம்பெனி விசயம். நான் வாயால சொன்னா நாளைக்கு அது வேற மாதிரி போகும். கேஸ் அது இதுன்னு வரும்."

"நான் கம்பெனியக் கேக்கல. என் தம்பியத்தான் கேக்கறேன்."

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா. தண்ணி கலந்து விட ஆரம்பிச்சாச்சுன்னா, புல்லு வந்துச்சுன்னா, எல்லாரும் தானா மறந்துருவாங்க."

அது என்னையே பாத்துச்சு. அப்புறம் எச்சத் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரைக்கும் வந்துச்சு. "பாத்துப் போங்க தம்பி"ன்னுச்சு.

போங்க! என்னையப் போய்! பொறந்ததுல இருந்து டா போட்டும், சாமின்னும், சென்னின்னும் கூப்பிட்ட வாயி. என் சம்சாரம் கிட்டச் சொன்னா, "வயசாச்சுல்ல உங்களுக்கும், மரியாதை குடுக்கறாங்க"ங்கறா. மரியாதையாமா. மில்லுல இருந்து வர்ற ஆளுங்களுக்கு அது அப்படித்தான் மரியாதை குடுக்கும்.

அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போனேனுங்க. போகாம இல்ல. ஒரு தடவை சொசைட்டி வரைக்கும் போயிட்டு வண்டியத் திருப்பிட்டேன். இன்னொரு தடவை செல்லாயம்மா வாசல்ல நின்னு சாணி கூட்டிக்கிட்டிருந்தாங்க, என்னைப் பாத்துட்டாங்க, நான் ஆரன் அடிச்சுக்கிட்டே போயிட்டேன். எதுக்கு ஆரன் அடிச்சேன்னு எனக்கே தெரியல.

இங்க பாருங்க, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. விருதுக்கு எழுதற கட்டுரையில ஒரு வரி போடுங்க. மூணுல ஒரு பங்குங்கறது சரி, அதோட, வெளிய போன தண்ணியால ஊஞ்சக்காட்டு நெலம் கெட்டுப் போச்சு, பாச்சலாம்னு சொன்னது இந்தச் சென்னியப்பன்தான், அவங்க அக்கா மேல தப்பு இல்லைன்னு. நீங்க போட்டா அது அச்சுல வந்த மாதிரி. எம் பேரைப் போட்டே எழுதுங்க. ஜி.எம். கேட்டா நான் பாத்துக்கறேன். நெசமாத்தான் சொல்றேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.

போடறீங்களா? போடறேங்கறீங்க. நல்லது. ரொம்ப நல்லது.

என்ன?

ஊஞ்சக்காட்டுல யாராச்சும் உங்க பத்திரிகையப் படிப்பாங்களான்னு கேக்கறீங்க.

இங்கிலீசுப் பத்திரிகை. ஆமாங்க. எஞ்சினியர்களுக்கு மட்டும் தபால்ல வர்றது. செல்லாயம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

இல்ல, நீங்க சொன்னது தப்பில்ல. நீங்க கேட்டது சரிதான். நான் மறுபடியும் அக்காவுக்குத் தெரியாத பாஷையிலயே சொல்லிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன், இல்ல?

மணி என்ன ஆச்சு? உங்க ரயிலுக்கு நேரமிருக்குது. டிரைவர் உங்களைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல விட்டுருவான், நான் சொல்லிடறேன். நான் பைக்குல போயிக்கறேன். இந்நேரத்துக்குப் பொம்பளைங்க எல்லாம் காட்டுல இருந்து திரும்பியிருப்பாங்க. மாடு இருக்கிறவங்க கறக்கற நேரம். இல்லாதவங்களும் வீட்டுலதான் இருப்பாங்க.

ஒரு நிமிசம் இருங்க அம்மிணி, நீங்க இருக்கும்போதே போன் பண்ணிடறேன். நீங்க கெளம்பிட்டா நான் பண்ணாம விட்டாலும் விட்டுருவேன்.

மணி அடிக்குது.

அக்கா? நான்தான்க்கா, சென்னி... இல்ல, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது... அவளும் நல்லா இருக்கறா. அக்கா, நீ வீட்டுலதானே இருக்கறே?... வைக்கோலெல்லாம் ஒண்ணும் கொண்டு வரல. சும்மா கையோடதான் வர்றேன்... ஆமா, இப்பத்தான். கெளம்பிட்டேன்னு வெச்சுக்கோ... அக்கா, சீலை மாத்திக்கிட்டு வாசல்ல நில்லு. மொதல்ல யாரு வீட்டுக்குப் போகணும்? நீயே சொல்லு.